எச்சரிக்கையை அடக்குதல் திருத்தம் ஆகாது

பழைய அளவுகருவியைப் புதிய கணினியோடு இணைக்கும்பொழுது, அதன் டிரைவர் நிரலைப் புதிய கம்பைலர் கொண்டு மீண்டும் ஆக்க வேண்டியிருக்கிறது. பல்லாண்டுகள் ஒழுங்காக ஓடிய நிரலின்மீது அப்போது எச்சரிக்கைகள் வரிவரியாக எழுகின்றன. நிரல் ஒரே இரவில் கெட்டுவிடவில்லை. கம்பைலர் முன்னினும் கூர்ந்து நோக்கக் கற்றுக்கொண்டது, அவ்வளவே. எச்சரிக்கைகளை எவ்வாறேனும் நீக்கித் திரையை வெறுமையாக்கிவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணுவோர் பலர். இவ்வெண்ணம் தவறானது, டிரைவர் நிரலில் அபாயமானதுங்கூட.

2011-இல் வெளிவந்த ஜி.சி.சி. 4.6 என்னும் கம்பைலர், மதிப்பு இடப்பட்டும் பின்னர்ப் பயன்படாத மாறிகளைச் சுட்டத் தொடங்கியது. சாதாரண நிரலாயின் அவ்வரியை அழித்துவிடலாம். ஆனால் சில கருவிகளில் நிலைகாட்டும் ரெஜிஸ்டரைப் படிப்பதே ஒரு செயலாகும். படித்த அளவில் கருவி எழுப்பிய குறுக்கீட்டுக் குறிப்பு தணிந்துவிடும். படித்த மதிப்பு யாருக்கும் வேண்டாததாக இருக்கலாம், படித்தல் வேண்டும். வரியை அழித்தவருக்குத் திரை தூய்மையாகும். கருவியோ ஓயாது கணினியை அழைத்துக்கொண்டே இருக்கும். மாறியை மட்டும் நீக்கிப் படித்தலை அப்படியே விட்டுவைத்து, அதன் காரணத்தை அருகே ஒரு வரியில் எழுதுவதே முறை.

32 பிட் கணினிக்கு எழுதிய நிரல்கள் நினைவக முகவரியைச் சாதாரண முழு எண்ணில் வைத்தன. 64 பிட் கணினியில் அம்முகவரியின் மேற்பாதி உதிர்ந்துவிடுகிறது. வகைமாற்றக் குறி ஒன்றைச் சேர்த்தால் எச்சரிக்கை வாய்மூடும்; உதிர்ந்த பாதி திரும்பி வாராது.

காரணம் அறியாது அடக்குதல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு டிரைவர் துறைக்கு வெளியே ஒரு சான்று உண்டு. 2006-இல் டெபியன் லினக்ஸில், நினைவகச் சோதனைக் கருவி ஒன்றின் எச்சரிக்கையை ஒழிக்க ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. ஒன்று போனதால் கேடில்லை. மற்றொன்றோ, இரகசியச் சாவிகளுக்கு வேண்டிய தற்செயல் தன்மையைச் சேர்த்த வரி. எஞ்சியது செயல் எண் மட்டுமே. அது பெரும்பாலும் 32,768-க்குட்பட்டது. 2008 மே மாதத்தில் பிழை வெளியாயிற்று. இடையில் ஆக்கிய சாவிகள் யாவும் மாற்றப்பட வேண்டியவாயின. நீக்கியவர் அசட்டையானவர் அல்லர். முன்னரே பிறரை வினவியவர்தாம்.

ஆகவே எச்சரிக்கைகளைத் தொடாது விடலாமோ எனின், அதுவும் கூடாது. ஒரு வகையைச் செய்து முடித்தும் நில்லாமல் அடுத்த வகைக்குள் வழுகிச் செல்லும் இடங்களை, 2017-இல் வந்த ஜி.சி.சி. 7 சுட்டிக்காட்டியது. லினக்ஸ் கருநிரலில் அத்தகைய இடங்கள் 2,000-க்கும் மேற்பட்டிருந்தன. அவை ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. வேண்டுமென்றே எழுதியவை அவ்வாறே குறிக்கப்பட்டன. உண்மைப் பிழைகளும் அகப்பட்டன. 2019-இல்தான் அவ்வெச்சரிக்கை கருநிரல் முழுமைக்கும் இயல்பாக இயக்கப்பட்டது. அவசரப்பட்டிருந்தால் சில நாட்களில் முடிந்திருக்கும். அப்பிழைகளும் அங்கேயே இருந்திருக்கும்.

நிரலைத் திருத்துவோரிடம் பழைய கருவி பெரும்பாலும் இருப்பதில்லை. அது களநிலையத்து மேசையிலோ கல்லூரி ஆய்வுக்கூட அலமாரியிலோ இருக்கிறது. திருத்திய நிரலை அதில் ஒரு நாள் முழுதும் ஓட்டி, கருவியின் மாதிரி எண்ணையும் கண்டதையும் எழுதி அனுப்பக்கூடியவர்கள் களப்பணியாளரும் ஆசிரியருமே. பயன்படுத்துவோர் எவரும் இலர் என்று கருதப்பட்ட டிரைவர்கள் லினக்ஸிலிருந்து அடியோடு நீக்கப்படுவதும் உண்டு.