கேட்டுப் பரிமாறுவோம்!



கல்யாணச் சாப்பாடு என்றதும் உங்கள் நாவில் நீர் ஊறும். எனக்கோ தோள்பட்டை வலிதான் ஞாபகத்துக்கு வரும். முதலாம் ஆண்டு முதல் முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறப் போய்த்தான் தேர்வுக் கட்டணமும் ரெக்கார்டு நோட்டுச் செலவும் கட்டி வருகிறேன். நம் கல்லூரியில் என்னைப் போல சாம்பார் வாளி தூக்கும் கைகள் நிறைய உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். ஆகவே, மூன்று வருடமாகப் பரிமாறியவன், இலை எடுத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பத்தா அந்தக் காலத்துக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லும். வீட்டு வாசலில் பந்தல். பரிமாறுவது பங்காளிகளும் மாமன் மச்சான்களும். இலையின் நுனி சாப்பிடுபவரின் இடது கைப் பக்கம் வரவேண்டும். உப்பு, ஊறுகாய், இனிப்பு, கூட்டு, பொரியல். பிறகு சோறு, பருப்பு நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம், மோர். இந்த வரிசை இன்றும் பெரிதாக மாறவில்லை. மாறிப்போனது ஒரே ஒரு கேள்விதான். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்ற கேள்வி!

அந்தக் கேள்விக்கு ஒரு பதிலும் இருந்தது. போதுமென்றால் இலைக்கு மேலே கையை நீட்டி மறைப்பார்கள். பெரியவருக்குச் சர்க்கரை, பாயசம் கூடாது. சித்திக்குப் பல் இல்லை, வடை வேண்டாம் என்பதெல்லாம் பரிமாறுகிற சொந்தக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

இன்று என்ன நடக்கிறது? ஆட்கள் உட்காருவதற்கு முன்பே இலை போட்டு, இனிப்பு முதல் அப்பளம் வரை அத்தனையும் வைத்துவிடச் சொல்கிறார்கள். அப்போதுதான் பந்தி சீக்கிரம் எழும்பும். அடுத்த பந்தி உட்காரும். நான் முதல் நாள் வேலைக்குப் போனபோது சூப்பர்வைசர் அண்ணன் சொன்ன பாடம் இது: "தம்பி, யாரையும் கேக்காத. வச்சுட்டே போ. கேட்டா லேட்டாகும்."

வைத்துக்கொண்டே போனேன். பந்தி முடிந்து இலை எடுக்கும்போது பார்த்தால், கடிக்காத ஜாங்கிரி, தொடாத காலிஃபிளவர், பிசையாத பிரிஞ்சி! ஒரு கல்யாணத்தில், வயதான ஒரு அம்மா தன் இலையிலிருந்த இனிப்பைப் பேரனுக்காக ஒரு கவரில் எடுத்து வைத்தார். அதைப் பார்த்த வீட்டுக்காரர் ஒருவர் முகம் சுளித்தார். அதே வரிசையில் எட்டு இனிப்புகளை நான் இலையோடு சுருட்டித் தொட்டியில் போட்டேன். அதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. நண்பர்களே, இது என்ன நியாயம்?

நமக்குப் பாடத்தில் 'ஜஸ்ட் இன் டைம்' படிக்கிறோம். தேவைப்படும்போது, தேவையான அளவு மட்டும் அனுப்பு என்கிற டொயோட்டா கம்பெனியின் முறை அது. இதைத்தானே நம் பாட்டன் வாளியும் கரண்டியுமாகப் பந்தியில் செய்தான்! பட்டறையில் விழும் இரும்பு ஸ்கிராப்பை உருக்கினால் மறுபடியும் இரும்பு. இலையில் விழுந்த ஸ்கிராப்பை என்ன செய்ய முடியும்?

மிஞ்சிய உணவை முறைப்படி சேகரித்துப் பிறருக்குக் கொடுப்பதற்கு 2019-ம் ஆண்டிலேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை வகுத்துவிட்டது. ஆனால் அண்டாவில் மிஞ்சியதைத்தான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். எச்சில் இலையில் மிஞ்சியதைக் கொடுக்க முடியாது. அண்டாவில் இருக்கும்வரை அது சோறு. கேட்காமல் இலையில் விழுந்துவிட்டால் அது குப்பை. 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று பிள்ளைகளின் பசியறிந்து சோறு போட்ட மாநிலம் இது. இங்கேயா இந்தக் கூத்து?

"கல்யாணம் ஆயுசுக்கு ஒரு நாள். வயிறாரப் போடுறதுல என்னப்பா கணக்கு?" என்பார்கள். என் அக்கா கல்யாணத்தில் அப்பாவும் இதையே சொன்னார். கேட்டரிங்காரர் இலைக்கு இவ்வளவு என்று 24 அயிட்டத்துக்கு விலை சொல்ல, அப்பா வட்டிக்கு வாங்கக் கிளம்பிவிட்டார். "ஊரு என்னடா சொல்லும்?" என்றார். "ஊர் விட்டுட்டுப் போறத நான் அள்ளிப் பார்த்திருக்கேம்பா" என்றேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் 11 அயிட்டம் என்று முடிவானது. சமையலுக்கு மட்டும் மாஸ்டர். பரிமாறியது நானும் என் வகுப்பு நண்பர்கள் ஒன்பது பேரும். ஒவ்வொரு இலையிலும் கேட்டு, கேட்டு வைத்தோம்.

எல்லாம் சுபமாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பந்தி மெதுவாக நகர்ந்தது. கடைசிப் பந்திக்கு வத்தக்குழம்பு பற்றவில்லை. "என்னப்பா, ஐஸ்கிரீம் இல்லையா?" என்று பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். அப்பா முகம் சுருங்கியது. ஆனால் இலைத் தொட்டி பாதிகூட நிறையவில்லை. மிஞ்சிய ஒரு அண்டா சோறும் சாம்பாரும் சூடு ஆறுமுன்னே பக்கத்து முதியோர் இல்லத்துக்குப் போனது. வட்டிக்கடனும் பாதியோடு நின்றது.

எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் மரபா? திருநெல்வேலிச் சைவ வீடுகளில் மறுவீட்டுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதியும் இஞ்சிப் பச்சடியும் போதும். ஆம்பூர் நிக்காஹ் என்றால் பிரியாணியும் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும். நாஞ்சில் நாட்டில் அவியலும் எரிசேரியும் பிரதமனும். அந்தந்த ஊர் மண்ணில் விளைந்ததை, வந்தவர் முகம் பார்த்துப் போட்டார்கள். இன்று கன்னியாகுமரியிலும் சேலத்திலும் ஒரே கோபி மஞ்சூரியன்! பஃபே வைத்தால் தீருமா என்றால், தட்டோடு நிற்க முடியாத தாத்தாவுக்கு யார் பதில் சொல்வது?

நண்பர்களே, நாளை நமக்கும் கல்யாணம் நடக்கும். அன்று கேட்டரிங்காரரிடம் எத்தனை அயிட்டம் என்று கேட்பதற்கு முன், "கேட்டு வைப்பீங்களா?" என்று கேளுங்கள். பந்தியில் உட்காரும்போது வேண்டாததற்குக் கையை நீட்டி மறையுங்கள். பரிமாறும் தம்பி கோபித்துக்கொள்ள மாட்டான். மாலை மூன்றரை மணிக்கு மிஞ்சியதைத் தின்ன உட்காரும் அவனுக்கு, ஒரு ஜாங்கிரி அண்டாவிலேயே மிஞ்சியிருக்கும்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்