இரைச்சலுக்கு இரண்டு ஜி.பி.

ஒரு டெரா பைட் ஹார்டு டிஸ்க் என்று சொல்லித்தான் கடையில் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகினால் 931 என்று காட்டுகிறது. ஆயிரத்தின் கணக்கு, ஆயிரத்து இருபத்து நாலின் கணக்கு என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு. அந்த வயிற்றெரிச்சலையாவது பொறுத்துக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் இடத்தில் பாதிக்குப் பாதியைப் படம் தின்னவில்லை, படத்தின் சத்தம் தின்றிருக்கிறது என்று தெரியவரும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

சத்தம் என்று சொன்னால் திண்டிவனத்தில் இருக்கும் என் மச்சானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "சத்தம்னு சொல்லாதீங்க மாமா, லாஸ்லெஸ்" என்பான். ஸ்டுடியோவில் பதிவானதில் ஒரு துளிகூடக் குறையாமல் அப்படியே வருவதாம். விழுப்புரத்தில் இருக்கிற எனக்கு அந்த ஞானம் போதாதாம்.

படங்களை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுகிற வேலையை அவன் ஆரம்பித்ததற்கு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது எங்கள் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. திண்டிவனம், விழுப்புரம் இரண்டும் தப்பவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் அவன் அடுக்கி வைத்திருந்த டி.வி.டி.க்களின் அட்டையெல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் ரஜினியின் முகம் பாதி கமல் அட்டையின் முதுகில் வந்தது. 2007இல் மோசர் பேர் கம்பெனியின் வி.சி.டி. 28 ரூபாய்க்கும் டி.வி.டி. 34 ரூபாய்க்கும் விற்றபோது வாங்கிச் சேர்த்தவை. அவை போனால் போகிறது. சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி வாங்கிய ப்ளூ-ரேக்கள் மேல்தட்டில் இருந்ததால் பிழைத்தன. இனி அவற்றைப் போய் எங்கே வாங்குவது? அதனால் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று. ஹார்டு டிஸ்க் என்னுடையது. ஏற்றுகிற உரிமை அவனுடையது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நம்ம ஊர்ப் படம் ஒன்று இரண்டே முக்கால் மணி நேரம். கண்ணுக்குக் குறை தெரியாத அளவில் படத்தைச் சுருக்கினால் நொடிக்கு சுமார் 5 மெகாபிட் போதும், ஆறு ஜி.பி. சொச்சத்தில் முடிந்துவிடும். ஒலியை டால்பி டிஜிட்டலில், ப்ளூ-ரே அனுமதிக்கிற உச்சபட்சமான நொடிக்கு 640 கிலோபிட்டில் வைத்தால் எண்ணூறு எம்.பி.கூட வராது. ஆக ஏழு ஜி.பி. இதே படத்துக்கு மச்சான் சொல்கிற லாஸ்லெஸ் ஒலியான டி.டி.எஸ். எச்.டி. மாஸ்டர் ஆடியோவை வைத்தால், நொடிக்கு 4 மெகாபிட் என்று மிதமாகப் போட்டாலும் ஒலி மட்டுமே ஐந்து ஜி.பி. ரஜினி நடந்து வருவதற்கு ஆறு, அவர் செருப்புச் சத்தத்துக்கு ஐந்து.

அதோடு விட்டானா? டிஸ்க்கில் தெலுங்கு ஒலித்தடம் இருந்தால் அதுவும் வேண்டும், இந்தி இருந்தால் அதுவும் வேண்டும். எங்கள் இரண்டு வீட்டிலும் சேர்த்துத் தெலுங்கு தெரிந்தவர் ஒருவரும் இல்லை. "இருக்கட்டுமே மாமா, முழுசா இருக்கணும்ல" என்பதுதான் பதில்.

சரி, இவ்வளவையும் எதில் கேட்கிறான்? டி.வி.யோடு வந்த ஸ்பீக்கரில். சுவரைப் பார்த்தபடி பின்பக்கம் ஒட்டியிருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கர். போன தீபாவளிக்கு சவுண்ட் பார் வாங்கினான், வாஸ்தவம். ஆனால் அதை டி.வி.யோடு இணைத்திருப்பது ஆப்டிக்கல் ஒயரில். அந்த ஒயரில் பழைய டால்பி டிஜிட்டலும் பழைய டி.டி.எஸ்.ஸும் போகும், லாஸ்லெஸ் சரவுண்டு போக அதில் வழியே கிடையாது. எச்.டி.எம்.ஐ.யில், டி.வி.யிலிருந்து ஒலியை வெளியே அனுப்புகிற பழைய ஏ.ஆர்.சி. போட்டாலும் இதே கதைதான். இ-ஏ.ஆர்.சி. என்கிற புதிய வசதி டி.வி.யிலும் வேண்டும், சவுண்ட் பாரிலும் வேண்டும். அவனிடம் இரண்டிலும் இல்லை. ஐந்து ஜி.பி. ஹார்டு டிஸ்க்கிலிருந்து கிளம்பி டி.வி. வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது.

அதைவிடக் கூத்து ஒன்று உண்டு. சில வருஷங்களாகப் பெயர் பெற்ற டி.வி.க்கள் பலவற்றில் டி.டி.எஸ்.ஸைப் படிக்கிற வசதியையே எடுத்துவிட்டார்கள். பொங்கலுக்கு எல்லாரும் எங்கள் வீட்டில் கூடியபோது மச்சான் பெருமையாக ஹார்டு டிஸ்க்கைச் செருகினான். படம் ஓடியது. ஹீரோ வாயசைத்தார். ஓரத்தில் இந்த ஒலி வடிவம் இயங்காது என்று ஒரு வரி வந்து மறைந்தது. என் மாமியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஊமைப்படமாடா போட்டிருக்க?" என்றார். கடைசியில் எல்லாரும் சன் டி.வி.யில் அதே படத்தை விளம்பரத்தோடு பார்த்தோம். சித்தப்பா மகன், "எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுங்கண்ணே" என்று பென் டிரைவை நீட்டினான். அது எஃப்.ஏ.டி.32 முறையில் இருந்தது, நாலு ஜி.பி.யைத் தாண்டிய ஃபைலை அது ஏற்காது. படமும் இல்லை, ஒலியும் இல்லை.

புதுப்படத்தோடு நின்றிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். பழைய படங்களுக்கும் இவனுக்கு லாஸ்லெஸ்தான் வேண்டும். 1995இல் குருதிப்புனல் டால்பியில் வந்தது. அதற்கு முந்தைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை மோனோ, ஒரே ஒரு தடம். அதையே பிரித்து, பரப்பி, ஆறு ஸ்பீக்கருக்கு ஊதிப் பெருக்கி 5.1 என்று டிஸ்க்கில் போடுகிறார்கள். பழைய ஃபிலிமில் ஒரு 'ஸ்ஸ்ஸ்' என்கிற இரைச்சல் ஓயாமல் இருக்கும், கேட்டிருப்பீர்கள். லாஸ்லெஸ் முறை எதைச் சுருக்கும் என்றால், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடிவதைச் சுருக்கும். அமைதியைச் சுருக்கும். நீண்ட வீணை ஒலியைச் சுருக்கும். இரைச்சலில் அடுத்து என்ன வரும் என்று எந்தக் கம்ப்யூட்டராலும் ஊகிக்க முடியாது. ஆகவே அதை ஒரு பிட்டு விடாமல் அப்படியே எழுதி வைக்கும். 24 பிட் தடத்தில் கடைசி எட்டு பிட்டு வெறும் இரைச்சல் என்றால், இரண்டே முக்கால் மணி நேரத்தில் அது மட்டும் இரண்டு ஜி.பி.க்கு மேல் பிடிக்கும். பாட்டையும் வசனத்தையும் நன்றாகச் சுருக்கிவிட்டு, அந்த 'ஸ்ஸ்ஸ்'ஸை மட்டும் பூஜை அறையில் வைத்துக் காப்பாற்றுகிறது.

லாஸ்லெஸ்ஸே வீண் என்று சொல்கிற ஆள் நானில்லை. 2013இல் விஸ்வரூபத்துக்கு ஆரோ 3டி-யில் உட்கார்ந்து ஒலி சேர்த்தார்களே, அந்த மாதிரி உழைப்பு இருக்கிற படத்துக்கு, நல்ல ஆம்ப்ளிஃபையரும் ஆறு ஸ்பீக்கரும் இருக்கிற வீட்டுக்கு, தாராளமாக வைக்கட்டும். பிறகு ஒருநாள் வேறு வடிவத்துக்கு மாற்ற மூலம் கையில் இருப்பதும் நல்லதுதான். அதற்கும் நடுவழி இருக்கிறது: டி.டி.எஸ். எச்.டி.க்கு உள்ளேயே பழைய டி.டி.எஸ். ஒன்று பொதிந்திருக்கும், அதை மட்டும் பிரித்தெடுத்தால் ஐந்து ஜி.பி. இரண்டுக்குள் அடங்கும். இதைச் சொன்னால், "அது லாஸி மாமா, கொஞ்சம் போயிடும்" என்று முகத்தைச் சுளிக்கிறான். இந்த முகச்சுளிப்பு வருவது செல்போனில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பாட்டை அந்தத் தகர ஸ்பீக்கரிலேயே கேட்டு, "செம பாட்டு" என்று தலையாட்டுகிற அதே மனிதனிடமிருந்து.

போன வாரம் போன் செய்தான். ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டதாம், இன்னும் பாதி ப்ளூ-ரே பாக்கியாம், நாலு டெரா பைட்டாக ஒன்று வாங்கி விழுப்புரம் பஸ்ஸில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்கிறான். வாங்கித் தருவேன், அக்கா வீட்டுக்காரனாகப் பிறகு எதற்கு இருக்கிறேன். ஆனால் தமிழ்த் தடம் ஒன்று, 640 கிலோபிட், அவ்வளவுதான். தெலுங்கு வேண்டுமென்றால் அவன் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளட்டும்.