மூன்று வரிகள் மட்டும் போதுமா?

எமது சஞ்சிகைகளில் மூன்று வரிகளில் அமைந்த எதுவும் ஹைக்கூ என்றே அச்சேறுகின்றது. யப்பானிலோ அது பெரும்பாலும் ஒரே வரியாகவே எழுதப்படுகின்றது. ஐந்து, ஏழு, ஐந்து என 17 ஒலியலகுகள் கொண்டது அது. எமது மாத்திரைக் கணக்கைப் போல அங்கும் நெடிலுக்கு இரண்டு. இடையே பொருளைத் துண்டித்து நிறுத்தும் வெட்டுச்சொல் ஒன்றும் உண்டு.

யாவற்றிலும் முதன்மையானது பருவச்சொல். நிலவு என்றாலே இலையுதிர்காலம். தவளை என்றால் வசந்தம். பலர் கூடித் தொடுத்த தொடர்கவிதையின் முதற்பாட்டு, அவர்கள் கூடிய பருவத்தைச் சுட்டவேண்டும் என்பது மரபு. அம்முதற்பாட்டை உயர்கலையாக்கியவர் பாஷோ (1644–1694). அதைத் தனிக்கவிதையாக்கி, ஹைக்கூ என்ற பெயரை நிலைநிறுத்தியவர் ஷிகி (1867–1902).

யப்பானியக் கவிதையின் சுருக்கத்தைப் பாரதியார் 1916இலேயே வியந்து எழுதினார். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பிய மரபினரான எமக்குப் பருவச்சொல் அந்நியமானதன்று. ஆயினும் எம்மவர் பலர் யப்பானியரின் தவளையையும் செர்ரிப் பூவையுமே கடன்வாங்குகின்றனர். புகலிட மண்ணின் உறைபனியும், மாலை நான்கு மணிக்கே கவியும் இருளும் எமது கவிதைக்குள் இன்னும் போதியளவு வரவில்லை. எமது இளங்கவிஞர்கள் வரிகளை எண்ணுமுன் தம் சாளரத்துக்கு வெளியேயுள்ள பருவத்தை உற்றுநோக்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.