முகப்பு இசைக்கு ஒரு முத்திரை

மனிதர் விரும்பித் தேடிச் சென்று கேட்கும் சங்கீதம் ஒன்று. கேட்கவேண்டும் என்ற எண்ணமே இல்லாதிருக்கையில் வீட்டுக்குள் தானாக வந்து, வாரந்தோறும் குறித்த வேளையில் ஒலித்து, வருஷக் கணக்கில் காதில் படிந்து, கடைசியில் பிள்ளைப் பருவத்து ஞாபகங்களினின்றும் பிரித்தெடுக்க முடியாதபடி ஒன்றிவிடும் சங்கீதம் மற்றொன்று. தொலைக்காட்சித் தொடர்களின் முகப்பு இசை இவ்விரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது. அடுக்களையில் இருப்பவரையும் வாசலில் பேசிக்கொண்டு நிற்பவரையும் ஏககாலத்தில் கூடத்துக்கு வரவழைக்கும் காரியத்தை அது அரை நிமிஷத்தில் முடித்துவிடுகிறது. எந்த மகா வித்துவானுடைய கச்சேரிக்கும் கூடாத அவ்வளவு பெரிய சபை அதற்கு நாள்தோறும் கூடுகிறது. ஆயினும், அந்தச் சபையில் இருப்போரிடம் இதை இயற்றியவர் யார் என்று கேட்டால், மெட்டைப் பிழையின்றி முணுமுணுத்துக் காட்டுவார்களேயன்றிப் பெயரைச் சொல்லமாட்டார்கள். இந்த அறியாமைக்கு ரசிகர்களைக் குறைகூறிப் பயனில்லை. ஸ்தாபனங்களின் வழக்கங்களும் ஒப்பந்தங்களின் ஷரத்துக்களும் சேர்ந்து வளர்த்துவிட்ட அறியாமை அது என்பதே என் அபிப்பிராயம்.

பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 1963-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி ஒளிபரப்பத் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். காலத்தின் ஊடே முன்னும் பின்னும் யாத்திரை செய்யும் ஒரு விசித்திர புருஷனின் கதை அது. அதற்கு முகப்பு இசை எழுதித் தரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ரான் கிரெய்னர். அவர் ஒரே ஒரு தாளில் ஸ்வரங்களைக் குறித்து, வாத்தியங்களின் பெயர்களுக்குப் பதிலாகக் காற்றுக் குமிழி என்றும் மேகம் என்றும் சில வார்த்தைகளை ஆங்காங்கே எழுதி, பி.பி.சி.யின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் என்ற ஒலிப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மேகம் எப்படி ஒலிக்கும் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு அக்கூடத்து ஊழியையான டெலியா டெர்பிஷைர் என்ற யுவதியின் தலையில் விழுந்தது. கவென்ட்ரி நகரத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதமும் சங்கீதமும் பயின்ற அவர், இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் வேலை கேட்டுப் போனபோது, ஒலிப்பதிவு அறைகளில் ஸ்திரீகளை அமர்த்துவதில்லை என்ற பதிலைப் பெற்றுத் திரும்பியவர்.

கட்டையைத் தொட்டவுடன் வேண்டிய நாதத்தைத் தரும் மின்னணு வாத்தியங்கள் கடைக்கு வராத காலம் அது. இழுத்துக் கட்டிய ஒரு தந்தியை மீட்டி அந்த ஒற்றை ஒலியையும், யந்திரங்களைச் சோதிப்பதற்காக வைத்திருந்த அலையியற்றிகளின் ஊளையையும், வடிகட்டிய இரைச்சலையும் அவர் ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டார். நாடா ஓடும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே உண்டாக்கி, அது நீடிக்க வேண்டிய நேரத்துக்கு எத்தனை அங்குலம் நாடா தேவை என்று கணக்கிட்டு, பிளேடால் வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, கீழ்ஸ்தாயி நடைக்கு ஒரு நாடா, மேலே மிதந்து செல்லும் மெட்டுக்கு ஒரு நாடா, சீறலுக்கு ஒரு நாடா என்று சேர்த்து, அத்தனை யந்திரங்களையும் ஒரே கணத்தில் ஓடவிட்டு, கலந்து வந்ததை மற்றொரு நாடாவில் பிடித்தார். பல தடங்களை ஒரே நாடாவில் அடுக்கும் வசதி அங்கே அப்போது கிடையாது. எங்கோ ஓர் ஒட்டுப் பிசகி ஸ்வரம் இடறியபோது, அவரும் உதவியாளர் டிக் மில்ஸும் அக்கூடம் இருந்த மைடா வேல் கட்டடத்தின் நெடிய நடைபாதையில் நாடாக்களைப் பக்கம் பக்கமாக விரித்து வைத்து, ஒட்டுக்கு ஒட்டு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நடந்து பிழையைப் பிடித்தார்களாம். ஒரு ராகத்தின் உருவை இவ்விதம் தரையில் கிடத்தி, கண்ணால் பார்த்துத் திருத்திய சம்பவம் சங்கீத சரித்திரத்தில் அதிகம் இராது. அந்த இசையை இன்று கேட்டாலும் அது எந்த வாத்தியம் என்று தீர்மானிக்க முடிவதில்லை. கதாநாயகன் எந்தக் காலத்தவன் என்று சொல்ல முடியாத கதைக்கு இதைவிடப் பொருத்தமான தோற்றுவாய் வாய்த்திருக்கவும் முடியாது.

முடிவில் அதைக் கேட்ட கிரெய்னர், இதையா நான் எழுதினேன் என்று பிரமித்துப்போனார் என்பார்கள். அவர் உத்தமர், தமக்கு வரும் ஊதியத்தில் பாதி அந்தப் பெண்மணிக்குச் சேரவேண்டும் என்று விரும்பினார். வொர்க்‌ஷாப் ஊழியர்களுக்குத் தனிப்பெயர் இல்லை, கூடத்தின் பெயர்தான் உண்டு என்ற நிர்வாக விதி குறுக்கே நின்றது. திரையில் கிரெய்னர் பெயரும் கூடத்தின் பெயரும் வந்தன. டெர்பிஷைர் 1973-இல் வேலையை விட்டு விலகினார், 2001-இல் காலமானார். தொடரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக 2013-இல் எடுத்த சிறப்புப் படத்தில்தான் அவருடைய பெயர் முதன்முதலாகத் திரையில் தோன்றியது.

இதில் விதி ஒரு பெயரை மறைத்தது. வேறோரிடத்தில் இயற்றியவருக்கே தம் இசை போன இடம் தெரியாமல் இருந்தது. அமெரிக்காவில் 1959-இல் தொடங்கிய ‘ட்வைலைட் ஸோன்’ தொடரின் முதல் வருஷத்துக்கு, ஹிட்ச்காக்கின் படங்களால் பிரசித்தி பெற்ற பெர்னார்ட் ஹெர்மன் ஒரு முகப்பு இசை எழுதியிருந்தார்; மந்தமான, கனவு போன்ற இசை. அடுத்த வருஷம் சற்றுத் துடியான இசை வேண்டுமென்று தோன்றியபோது, சி.பி.எஸ். நிறுவனத்தின் சங்கீத அதிகாரி லட் கிளஸ்கின், நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து மாரியஸ் கான்ஸ்டன்ட் என்பவர் எழுதிய இரண்டு சிறு துண்டுகளைப் பொறுக்கி ஒன்றாக ஒட்டிவிட்டார். கிதாரில் நான்கு ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப வந்து மனத்தைக் கலக்கும் அந்த இசையை, அமானுஷ்யமான ஏதேனும் நடந்தால் அமெரிக்கர்கள் இன்றும் வாயால் பாடிக் காட்டுகிறார்கள். கான்ஸ்டன்ட் புக்காரெஸ்ட் நகரில் பிறந்து, பாரிஸில் நவீன சங்கீதமும் பாலே நாட்டிய இசையும் எழுதி வாழ்ந்தவர். சேமிப்புக்கென்று ஒரு தொகை பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்த துணுக்குகள் கடலுக்கு அப்பால் கோடானுகோடி வீடுகளில் ஒலிப்பதை அவர் வெகுகாலம் அறியவேயில்லை என்று சொல்லப்படுகிறது.

சேமிப்பு என்று சொன்னேன். அக்காலத்துத் தொடர்களின் பின்னணி இசையில் பெரும்பகுதி இந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்ததுதான். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் வாத்தியக் கோஷ்டியைக் கூட்டிப் புதிதாகப் பதிவு செய்யப் பணமும் அவகாசமும் இல்லாமையால், ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றில் பொருத்திக்கொள்வார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் 1967-இல் வந்த ‘அமோக் டைம்’ என்ற அத்தியாயத்துக்காக ஜெரால்டு ஃப்ரைடு எழுதிய துவந்த யுத்த இசை, அதன்பின் யார் யாரோடு மல்லுக்கட்டினாலும் ஓடிவந்து நின்றது. மலிவான உபாயம் என்று இதை இகழ்வோர் உண்டு, நான் இகழமாட்டேன். கூத்தில் ராஜா பிரவேசத்துக்கு ஒரு நடை, சண்டைக்கு ஒரு நடை என்று காது பழகிக்கொள்வது போல, இந்த மறுபிரயோகத்தாலேயே பார்ப்பவனுக்கு ஒரு சங்கீத பாஷை கைவந்தது.

அதே ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் முகப்பு இசைக்கு நேர்ந்தது பச்சை அநியாயம். அதை இயற்றியவர் அலெக்ஸாண்டர் கரேஜ். தொடரின் சிருஷ்டிகர்த்தாவான ஜீன் ராடன்பெரி, ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்தைப் பற்றிக்கொண்டு, அந்த மெட்டுக்குத் தாமே ஒரு பாட்டு எழுதினார். தொடரில் அந்தப் பாட்டு ஒருநாளும் பாடப்படவில்லை. பாடவேண்டும் என்ற உத்தேசமும் இருந்ததாகத் தெரியவில்லை. பாடலாசிரியர் என்ற ஹோதாவில் ராயல்டியில் சரிபாதி அவருக்குப் போயிற்று. சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஒலிக்காத வார்த்தைக்கும் ஒலிக்கும் நாதத்துக்கும் சமபங்கு என்ற கணக்கை எந்தத் தராசில் நிறுத்தார்களோ!

எல்லாருக்கும் இப்படித்தான் நடந்தது என்று நான் சாதிக்கவில்லை. ‘மிஷன் இம்பாஸிபிள்’ தொடருக்கு ஐந்தெண்ணிக்கைத் தாளத்தில் முகப்பு இசை எழுதிய லாலோ ஷிஃப்ரின் பேரும் புகழும் பெற்றே வாழ்ந்தார். கண்ட சாபுவில் ஊறிய நம்மவர் காதுக்கு அந்தத் தாளம் அந்நியமாகவும் தோன்றுவதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்தவருக்குப் பெயர் எதற்கு என்று கேட்போரும் உண்டு. சம்பளம் உழைப்புக்கு ஈடாகும். கர்த்திருத்துவத்தை அது விலைக்கு வாங்கிவிடுவதில்லை. காமிராக்காரரும் தையற்காரரும் சம்பளம் வாங்கியவர்களே. அவர்கள் பெயர் திரையில் வரக் கண்டிருக்கிறோம்.

நம் நாட்டு நிலைமை இதனினும் சிலாக்கியம் என்று மார்தட்டிக்கொள்ள வழியில்லை. ஆர்.கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் எண்பதுகளில் ‘மால்குடி டேஸ்’ என்று படமாக்கியபோது, வார்த்தையின்றி வெறும் குரலாலேயே இழையும் அதன் முகப்பு இசை தேசம் முழுவதையும் வசப்படுத்திற்று. அதை இயற்றியவர் எல். வைத்தியநாதன்; வயலின் மேதைகளான எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோரின் தமையனார். ‘ஏழாவது மனிதன்’ படத்தில் பாரதியின் பாடல்களுக்கு மெட்டமைத்தவர். வசனமே இல்லாத ‘பேசும் படம்’ சித்திரத்துக்குப் பின்னணி இசை தந்தவர். பேச்சில்லாத இடத்தில் சங்கீதம் என்ன செய்யவேண்டும் என்பதை அவரளவுக்கு அறிந்தவர்கள் சிலரே. அந்த மெட்டைக் கேட்டுக் கண் கசிகிறவர்கள், அதைச் செய்தவர் ஒரு தமிழர் என்பதை யாராவது சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

நம்முடைய வாக்கேயகாரர்கள் இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் போலும்! தீக்ஷிதர் ‘குருகுஹ’ என்று கிருதிக்குள்ளேயே தம் முத்திரையைப் பதித்துவிட்டார். தியாகையர் தம் பெயரையே சரணத்தில் வைத்தார். பாடுகிறவன் மறைக்க நினைத்தாலும் அது மறையாது. சாகித்தியமே இல்லாத முகப்பு இசைக்கு அந்த வழி இல்லை. ஆகையால் முத்திரை வைக்கவேண்டிய கடமை ஒளிபரப்புகிறவர்களுடையதாகிறது.

அவர்களோ இக்காலத்தில் எதிர்த்திசையில் போகிறார்கள். இணையவழித் தொடர்களில் முகப்பைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தான் வந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் அதை 2017-இல் கொண்டுவந்தது. முகப்பில் விட்டதைக் கடைசிப் பெயர்ப்பட்டியலிலாவது பார்க்கலாம் என்றால், அது தொடங்குவதற்குள் படம் ஒரு மூலைக்குச் சுருங்கி அடுத்த அத்தியாயம் முன்னே வந்து நிற்கிறது. பணத்தைப் பொறுத்தமட்டில் நம் பாராளுமன்றம் நல்லதொரு காரியம் செய்திருக்கிறது: 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படத்தில் சேர்ந்த இசையை இயற்றியவர் திரையரங்குக்கு வெளியே கிடைக்கும் ராயல்டியில் தமக்குரிய சமபங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. இயற்றியவர் நானே என்று உரிமை பாராட்டும் பாத்தியதையையும், உரிமை கைமாறிய பின்னரும், அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் வழக்குத் தொடுத்துப் பெயரை வாங்கிக்கொள் என்று ஒரு கலைஞரிடம் சொல்வது மரியாதையாகாது. முகப்பு இசை ஒலிக்கும்போதே அதை இயற்றியவர் பெயரைத் திரையில் காட்டவேண்டும் என்று ஒளிபரப்பு உரிமை தரும்போதே அரசாங்கம் ஒரு நிபந்தனை விதிக்கலாம். பழைய தொடர்களை இன்று இணையத்தில் ஏற்றிவரும் தூர்தர்ஷன் தன் பட்டியல்களில் நடிகர் பெயர்களுக்குப் பக்கத்தில் இசையமைத்தவர் பெயரையும் வாசித்தவர் பெயரையும் சேர்ப்பதற்குச் சட்டம்கூட வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.