சோழன் வாளும் எமது காணி உறுதியும்

கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய ‘பொன்னியின் செல்வ’னை மணிரத்தினம் 2022இலும் 2023இலும் இரு பாகங்களாகப் படமாக்கி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் ஓடுவன. களுபோவிலையில் எம் வீட்டு இளைஞர் பன்முறை வற்புறுத்திய பின்னரே, அரைமனத்தோடு, ஈரிரவு அமர்ந்து பார்த்தோம். சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியத்தையும் மணிமேகலையையும் அடியோடு நீக்கிவிட்டனர். நாவலைப் படித்தோர்க்கு அது பெருங்குறையே. ஆயினும் வந்தியத்தேவனின் குறும்பும், குந்தவையும் நந்தினியும் எதிரெதிரே நிற்கும் காட்சியும் எம்மை எழவிடவில்லை என்பதை மறைப்பானேன்?

நாம் ஈண்டு எழுதப் புகுந்தது படத்தின் நயம் பற்றியன்று. இலங்கையில் சோழர் படை மோதும் காட்சி வந்ததும் இளைஞர் கைதட்டினர். “இந்நாட்டையே ஆண்ட இனம் நாம்” என்றார் ஒருவர். கேட்பதற்கு இனிய பேச்சுத்தான். சட்டம் பயின்ற எமக்கோ அச்சமே உண்டாயிற்று.

எமது உரிமை இராசராசன் படையோடு வந்ததெனில், 1070இல் விசயபாகு சோழரை விரட்டியபோதே அது போயிற்று என்று எதிர்க்கட்சியார் சொல்வதற்கு யாது தடை? “நீவிர் படையெடுத்து வந்தோர் வழியினர்” என்று எம்மைத் தூற்றுவோர் கையில் நாமே ஆயுதத்தை எடுத்துக் கொடுப்பதன்றோ இது? வன்னியில் காடுவெட்டி, வரம்புகட்டி, தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த கமக்காரனுக்குச் சோழன் வாள் காணி உறுதி ஆகாது. அவன் உழைப்பே உறுதி.

பழமைதான் வேண்டுமெனில், அதற்கும் குறைவில்லை. அனுராதபுரத்திலே கிறித்துவுக்கு முற்பட்ட பிராமிக் கல்வெட்டொன்று தமிழ் இல்லத்தாரின் இருக்கைகளைக் குறிக்கின்றது. அவருள் ஒருவன் மரக்கல மாலுமி. இராசராசன் பிறப்பதற்கு ஆயிரமாண்டுகட்கு முன்னரே அவர்கள் இந்நாட்டில் குடியிருந்தனர். படையோடு வந்தவர் அல்லர். குடியும் தொழிலுமாக வாழ்ந்தவர்.

படத்தில் புத்த பிக்குகள் இளவரசனுக்கு இலங்கை முடியை அளிக்க முன்வர, அவன் மறுக்கிறான். அது கல்கியின் கற்பனையே, வரலாறு அன்று. உண்மையில் சோழர் 1017இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 1029இல் அங்கேயே அவன் மாண்டான். சிங்கள மக்கள் இதனை மறந்திலர்; மறக்கச் சொல்லவும் எமக்கு உரிமையில்லை. கற்பனையாயினும் அந்த மறுப்புக் காட்சி எமக்குப் பிடித்தது. அதற்கு எவரும் கைதட்டவில்லை.

மற்றொன்று. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி மங்கலாகவே விட்டார். உடையார்குடிக் கல்வெட்டோ இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் துரோகிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்தம் உடைமைகளோடு உறவினர் உடைமைகளையும் பறிக்க ஆணையிடுகின்றது. குற்றம் செய்யாதவன் காணியையும் அரசாணையால் எடுத்த மன்னனை, காணி இழந்து நிற்கும் நாம் ஆராயாது போற்றலாமோ?

அம்மன்னர் காலத்துப் பெருமையும் உண்டு. திருகோணமலையில், பெரியகுளத்துக்கு அருகே, வெல்கம் விகாரை அன்று இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றது. அப்பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் அளித்தோர் தம் கொடைகளைத் தமிழிலேயே கல்லில் பொறித்தனர். கோணேசரை வழிபடச் செல்வோர் அக்கற்களையும் ஒருமுறை பார்த்து வருக. பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்லுக.