ஜீரோ பாயிண்ட் எங்கே?

'பயந்துட்டான்.'

குத்துச்சண்டை பற்றி நம்மூரில் யார் பேச ஆரம்பித்தாலும் ஐந்தாவது நிமிஷம் இந்த வார்த்தை வந்து விழுந்துவிடும். இந்த சாம்பியன் ஏன் அந்த சாம்பியனோடு மோதவில்லை? பயந்துட்டான். மேவெதரும் பாக்கியாவும் மோத ஏன் அஞ்சு வருஷம் ஆச்சு? ரெண்டு பேரில் ஒருத்தன் பயந்துட்டான். யார் என்பதில்தான் டீக்கடை இரண்டாகப் பிரியும்.

இதைவிட அசட்டுத்தனமான விளக்கம் கிடையாது என்பது என் கட்சி. மூக்கு உடையும் என்று தெரிந்தே சின்ன வயசிலிருந்து ரிங்குக்குள் இறங்குகிறவனுக்கு இன்னொருவன் கையைப் பார்த்து என்ன பயம்? பெரிய சண்டைகள் நின்று போவது ரிங்கில் அல்ல, மேஜையில். அந்த மேஜையைச் சுற்றி எல்லோருக்கும் நாற்காலி உண்டு. அடி வாங்குகிறவனுக்கு மட்டும்தான் இல்லை.

இப்போது ஏன் இந்தக் கதை என்கிறீர்களா? போன மாதம் ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஒரு தம்பி வந்தான். கான்ட்ராக்ட் வேலை. லீவு நாளில் குத்துச்சண்டை. மாவட்ட அளவில் ஜெயித்தவன். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் பதினோரு பக்கம், பொடி எழுத்தில் இங்கிலீஷ்.

"அண்ணே, நீங்க பி.காம். படிச்சவரு. ப்ரோ பாக்ஸிங்குக்கு கூப்புடுறாங்க. இது இன்னா போட்டிருக்குன்னு படிச்சி சொல்லுங்கண்ணே. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்து கேக்குறாங்க."

படித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

மேவெதர் - பாக்கியாவ் பேச்சுவார்த்தை 2009 கடைசியில் தொடங்கியது. காசை ஆளுக்குப் பாதி என்று அப்போதே ஒத்துக்கொண்டார்கள். உடைந்தது எதில் தெரியுமா? ரத்தப் பரிசோதனையில். ஊக்க மருந்து சோதனைக்கு எப்போது வேண்டுமானாலும் ரத்தம் எடுக்கலாம் என்றது மேவெதர் தரப்பு. சண்டைக்கு முன்னால் இத்தனை நாள் எடுக்கக் கூடாது என்றது பாக்கியாவ் தரப்பு. ஓய்வு பெற்ற ஒரு நீதிபதியை வைத்துப் பஞ்சாயத்து பண்ணியும் சரிப்படவில்லை. பாக்கியாவ் மானநஷ்ட வழக்கே போட்டார். 2012-ல் மேவெதர், 'மொத்தமாக 4 கோடி டாலர் தருகிறேன், டி.வி. வருமானத்தில் பங்கு கிடையாது' என்றார். பாக்கியாவ் மறுத்தார். இதற்கு நடுவில் ஒருவருக்கு ஒரு டி.வி. கம்பெனி, இன்னொருவருக்கு எதிரி டி.வி. கம்பெனி. கடைசியில் 60-40 என்று முடிவாகி 2015 மே 2-ம் தேதி லாஸ் வேகாஸில் மோதினார்கள். பேச்சு தொடங்கியபோது முப்பதைத் தாண்டியிருந்த இருவரில் ஒருவருக்கு 38 வயசு, இன்னொருவருக்கு 36. அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் பேர் காசு கட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். காசைத் திருப்பிக் கொடு என்று வழக்குகூடப் போட்டார்கள். கோர்ட் தள்ளுபடி செய்தது.

இதில் பயம் எங்கே இருக்கிறது? சதவிகிதம் இருக்கிறது, டி.வி. உரிமை இருக்கிறது, சோதனைத் தேதி இருக்கிறது.

இவர்களாவது பெரிய கைகள். பேரம் பேசத் தெம்பு இருந்தது. மற்றவர்களுக்கு?

உலகத்தில் சாம்பியன் பட்டம் தருகிற பெரிய அமைப்புகள் நான்கு. டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. நாலும் தனித்தனிக் கடை. ஒவ்வொரு கடையும் தன் பட்டியலைப் போட்டு, 'சாம்பியன் இவனோடுதான் மோதியாக வேண்டும்' என்று ஒருவனைக் கைகாட்டும். இரண்டு தரப்பு புரமோட்டர்களும் பேச ஒரு மாதம் போல அவகாசம். பேச்சு படியவில்லை என்றால் ஏலம். ஏரி மீன் ஏலம் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதேதான். மூடிய கவரில் யார் அதிகத் தொகை எழுதுகிறார்களோ அவர்களுக்கு சண்டை. அந்தத் தொகையை சாம்பியனுக்கு இவ்வளவு, எதிராளிக்கு இவ்வளவு என்று அமைப்பே பிரிக்கும். 2022 ஜனவரியில் டைசன் ஃபியூரி - டில்லியன் வைட் சண்டை 4 கோடியே 10 லட்சம் டாலருக்குப் போனது. பிரிவினை 80-20.

ஏலம் என்றால் நியாயம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். 2021 பிப்ரவரியில் டியோஃபிமோ லோபஸ் - ஜார்ஜ் கம்போசோஸ் சண்டையை ட்ரில்லர் என்ற புதுக் கம்பெனி 60 லட்சம் டாலருக்கு எடுத்தது. அடுத்த கவரில் இருந்தது 35 லட்சம். எல்லோரும் வாய் பிளந்தார்கள். அப்புறம் ஜூனில் சண்டை என்றார்கள், லோபஸுக்குக் கொரோனா வந்தது, தேதி மாறியது, மறுபடி மாறியது, மறுபடியும் மாறியது. கடைசியில் ட்ரில்லர் கைவிட, அந்த 35 லட்சத்துக்காரரிடமே போய், நவம்பர் 27-ம் தேதி ஒருவழியாக நடந்தது. ஒன்பது மாசம் இரண்டு பேரும் எடையைக் கட்டிக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குத்துச்சண்டைக்காரன் ஆயுசில் ஒன்பது மாசம் என்பது நம் கணக்கில் ஐந்து வருஷம்.

வந்த காசும் அப்படியே கைக்கு வராது. மேனேஜருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை போகும். பயிற்சியாளருக்குப் பத்து சதவிகிதம் வாடிக்கை. பெல்ட் கொடுக்கிற அமைப்புக்கு 3 சதவிகிதம் போல. அதுவும் அடி வாங்கினவன் பங்கிலிருந்துதான். பெல்ட்டுக்கு வாடகை!

முகமது அலி மெட்ராஸுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? 1980 தொடக்கம். எம்.ஜி.ஆர். காலம். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். அது நான் பிறந்த வருஷம். எங்க பெரியப்பா ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாகும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "ஆளு ராஜாடா" என்பார்.

அந்த ராஜாவுக்கு அதே வருஷம் அக்டோபரில் என்ன நடந்தது என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. 38 வயசு அலியை லாரி ஹோம்ஸோடு மோத இறக்கினார்கள். பத்து ரவுண்டு அடி. பயிற்சியாளர் போதும் என்று நிறுத்தினார். பேசியது 80 லட்சம் டாலர். புரமோட்டர் டான் கிங் கொடுத்ததில் கிட்டத்தட்ட 12 லட்சம் குறைந்தது. அலி வழக்குப் போட்டார். பிறகு அலி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பழைய சிநேகிதர் ஒருவர் கையில் ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டியில் 50 ஆயிரம் டாலர் ரொக்கம், கூடவே வழக்கை வாபஸ் வாங்குகிற ஒரு காகிதம். அலி தன் வக்கீலிடம்கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். உலகத்திலேயே அதிகம் பேருக்குத் தெரிந்த முகம். அவருக்கே இந்தக் கதி.

2000-ம் வருஷம் அமெரிக்காவில் அவர் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: இந்தச் சண்டையில் எனக்கு எவ்வளவு வருகிறது, என்னென்ன பிடித்தம் என்று புரமோட்டர் குத்துச்சண்டைக்காரனிடம் சொல்லியாக வேண்டும். மேனேஜர் புரமோட்டருடைய ஆளாக இருக்கவும் கூடாது. சட்டம் ஒழுங்காக அமலாகிறதா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எழுத்தில் இருக்கிறது. அதையும் தளர்த்த 2025-ல் அங்கே ஒரு மசோதா கொண்டு வந்தார்கள். தரவரிசை, பெல்ட், சண்டை மூன்றையும் ஒரே கம்பெனி வைத்துக்கொள்ள வழி செய்கிற மசோதா. ரவுண்டுக்கு இவ்வளவு குறைந்தபட்சக் கூலி, மருத்துவக் காப்பீடு என்று மேலே சர்க்கரை தூவியிருக்கிறார்கள். சர்க்கரை நல்லதுதான். மாத்திரையைத்தான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில்? விஜேந்தர் சிங் 2015-ல் ப்ரோவுக்குப் போனதிலிருந்து இந்த வியாபாரம் இங்கேயும் வந்துவிட்டது. டெல்லியில், மும்பையில், 2021-ல் கோவாவில் ஒரு கேசினோ கப்பலின் மேல்தளத்தில்கூட சண்டை நடந்தது. சட்டம் மட்டும் வரவில்லை. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சங்கங்களை, அவற்றின் தேர்தலைப் பற்றியது. தனியார் புரமோட்டர் ஒரு பையனிடம் வாங்குகிற கையெழுத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

'முதல் போட்டவனுக்கு லாபம் வேண்டாமா சார்?' என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டும். தாராளமாக வேண்டும். பத்து ஷோவில் ஏழு ஷோ நஷ்டம் என்று அவர்கள் சொன்னால் நம்பவும் தயார். ஆனால் கணக்கை எதற்கு ஒளிக்கிறாய்? பி.காம். படித்தவன் எவனுக்கும் தெரியும், 1932 கூட்டாண்மைச் சட்டம் சொல்கிறது: கூட்டாளி ஒவ்வொருவனுக்கும் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க, நகல் எடுக்க உரிமை உண்டு. ரெண்டு பேர் சேர்ந்து மளிகைக் கடை வைத்தால் இருக்கிற உரிமை, ரத்தம் சிந்திப் பங்கு வாங்குகிறவனுக்குக் கிடையாதாம். கேட்டால் 'நீ கூட்டாளி இல்லையே' என்பார்கள். அதையேதான் நானும் சொல்கிறேன்.

படிப்பு முடிந்ததும் ஆறு மாசம் சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு நோட்டு. கம்பெனிக்கு கான்ட்ராக்டர் போட்ட பில் ஒரு நோட்டில். தொழிலாளி கைநாட்டு வைத்தது இன்னொரு நோட்டில். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற உரிமை கணக்குப்பிள்ளை எனக்கு இருந்தது, அவனுக்கு இல்லை. ஒருநாள் ஒருத்தனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஏழாவது மாசம் எனக்கு வேலை இல்லை.

ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கிருஷ்ணா தண்ணீர் நம் எல்லைக்குள் நுழைகிற ஜீரோ பாயிண்ட் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. 1983 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 12 டி.எம்.சி. பல வருஷம் முழுசாக வந்ததில்லை. ஆனால் வரவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? ஜீரோ பாயிண்டில் இத்தனை கன அடி என்று அளக்கிறார்கள், பேப்பரில் போடுகிறார்கள். அளவு தெரிவதால்தான் சண்டை போட முடிகிறது. அளக்கிற இடமே இல்லாத ஒப்பந்தத்தில், 'நிறைய வரும் தம்பி' என்பதுதான் கணக்கு.

இப்போது அந்தப் பதினோரு பக்கம்.

அஞ்சு வருஷம் வேறு யாருக்கும் சண்டை போடக் கூடாது. ஏதாவது பட்டம் ஜெயித்தால் தானாகவே இன்னும் இரண்டு வருஷம் கூடும். அதாவது ஜெயித்தால் தண்டனை. அலி சட்டம் இந்த மாதிரிக் கட்டாய நீட்டிப்புக்குப் பன்னிரண்டு மாசம் என்று எல்லை வைத்திருக்கிறது. மேனேஜரை 'கம்பெனி நியமிக்கும்'. காயம் பட்டால் செலவு 'வீரருடைய பொறுப்பு'. சம்பளம் எவ்வளவு? 'சண்டைக்குச் சண்டை பேசி முடிவு செய்யப்படும்'. யார் பேசுவார்கள் என்றால், கம்பெனி நியமித்த மேனேஜர், கம்பெனியோடு. 'கணக்கு' என்ற வார்த்தையைப் பதினோரு பக்கத்திலும் தேடினேன். இல்லை.

"இன்னாண்ணே, போடலாமா வேணாமா?"

போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிப்காட்டில் அவன் வாங்குவது என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, கேட்க வேண்டியதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்தேன். டிக்கெட், டி.வி., விளம்பரம் மூன்றிலும் வந்தது எவ்வளவு என்று ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் எழுத்தில் தர வேண்டும். மேனேஜரை நான் வைத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரிச் செலவு உங்களுடையது. மூன்றே வரி.

"இதக் கேட்டா பயந்துட்டான்னு சொல்லுவாங்களேண்ணே" என்றான்.

சொல்லுவார்கள். சொன்னார்களாம். திங்கட்கிழமை தாளை அனுப்பியிருக்கிறான். வியாழக்கிழமை போன் வந்தது: "தம்பி, சண்டை போட வந்தியா, ஆடிட் பண்ண வந்தியா?" அதோடு சரி, பேச்சைக் காணோம். பிளாஸ்டிக் கவர் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. நேற்றும் கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் நைட் ஷிஃப்டுக்குப் போனான்.