சீட்டில் ஒரு வரி எழுத என்ன தடை, டாக்டர்?

பதிவு நீளம். ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ உங்கள் வீட்டில் ஒருவர் வேலை செய்தால் முழுதும் படித்துவிடுங்கள். டாக்டர் நண்பர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கோபம் வந்தால் கீழே திட்டுங்கள், பதில் சொல்கிறேன்.

போன வாரம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்றிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் வேதியியல் படித்த பெண் ஒருத்தி "சார், நல்லா இருக்கீங்களா" என்று வந்தாள். பதினான்கு வருடமாக ஒரு ஷூ கம்பெனியில் ஒட்டும் பிரிவில் இருக்கிறாள். டீக்குக் காசு எடுத்தவள் கையிலிருந்து சில்லறை சிதறியது. குனிந்து பொறுக்கவும் விரல் பிடிகொடுக்கவில்லை.

"இன்னாம்மா ஆச்சு?" என்றேன்.

"கை மரத்துப் போவுது சார். காலும் அப்பிடித்தான். நடக்கும்போது செருப்பு கழண்டுட்டாகூட தெரியமாட்டேங்குது. பின்னாடி வர்றவங்க சொல்லித்தான் திரும்பிப் பாக்கறேன்."

நாள் முழுக்க ஊருக்கெல்லாம் ஷூ ஒட்டுகிறவளுக்குத் தன் காலில் செருப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை.

வைத்தியம் பார்த்தாயா என்று கேட்டேன். மறுநாள் மஞ்சப்பையில் எல்லாச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான்கு வருடத்துச் சீட்டு, மொத்தம் 11. மூன்று இடங்களில் பார்த்திருக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். உடல்வலி. சத்துக்குறைவு. நரம்புத் தளர்ச்சி. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. ஒன்றில் சர்க்கரை பார்த்திருக்கிறார்கள், சரியாக இருந்திருக்கிறது. மறுபடி பி காம்ப்ளெக்ஸ்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது 11 சீட்டில் ஒன்றில்கூட இல்லை.

"யாராச்சும் கேட்டாங்களாம்மா?"

"இல்ல சார். கல்யாணம் ஆச்சா, எத்தன பசங்கன்னு கேட்டாங்க."

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். அந்த மருத்துவமனைகளின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒரு இடத்தின் குற்றமாக இருந்தால் பெயர் சொல்லலாம். இது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

என்னிடம் படித்தவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு நோட்டு நினைவிருக்கும். மூன்று பத்தி: சோதனை, காண்பன, அறிவன. பக்கத்து நோட்டைப் பார்த்துவிட்டு நேராக அறிவனவை எழுதுகிற பையன்களுக்கு நான் மார்க் போட்டதில்லை. காண்பன பத்தி காலியாக இருந்தால், அறிவன சரியாக இருந்தாலும் அது திருட்டு விடை. எங்கள் ஊரில் டாக்டர்கள் எழுதும் சீட்டில் காண்பன பத்தி பாதி காலி. அறிவன மட்டும் தவறாமல் இருக்கிறது: சத்துக்குறைவு.

அவளுக்கு வந்திருப்பது பசையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை. வேறு நூறு காரணம் இருக்கலாம். ஆனால் அந்த நூற்றில் ஒன்றைக் கேட்காமலேயே விட்டுவிட்டார்களே, அதைத்தான் கேட்கிறேன். 1700இல் இத்தாலியில் ரமாஸினி என்ற மருத்துவர் தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'உன் தொழில் என்ன' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். தோல் பதனிடுகிறவர்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். 300 வருடம் தாண்டிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் பாலாற்றுப் பக்கம் வந்து சேரவில்லை.

கேட்டால் என்ன கிடைக்கும்? 1960களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் தொழிலாளர்களுக்குக் கை கால் மரத்துப்போனது. மருத்துவர்கள் தொழிலைக் கேட்டார்கள், பசையைப் பார்த்தார்கள். அதில் நார்மல் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருந்தது. 93 நோயாளிகளின் விவரம் 1969இல் அச்சில் வந்தது. அந்தக் கரைப்பான் நரம்பைத் தின்னும் என்பது இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இஸ்தான்புல்லில் முஸாஃபர் அக்சாய் என்ற ரத்தநோய் மருத்துவர் இருந்தார். ரத்தப் புற்றோடு வருகிறவர்களில் ஷூ தைப்பவர்கள் அதிகமாக இருப்பதைக் கவனித்தார். அவர்கள் பயன்படுத்திய பசையில் பென்சீன் இருந்தது. 1967 முதல் 1973 வரை பார்த்த 26 பேரின் விவரத்தை 1974இல் வெளியிட்டார். பசையில் பென்சீனைக் குறைத்த பிறகு அப்படி வருகிற நோயாளிகளும் குறைந்தார்கள். துருக்கியில் ஷூ தொழில் அழிந்துவிடவில்லை. பசைதான் மாறியது.

கொரியாவில் 1995இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை செய்த பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றுபோனது. ஆண்களுக்கு விந்தணு குறைந்திருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பழைய திரவத்துக்குப் பதிலாக 2-புரோமோபுரோப்பேன் உள்ள புதுக் கரைப்பானைக் கொண்டுவந்திருந்தார்கள். அது மனிதருக்கு இப்படிக் கேடு செய்யும் என்று அதுவரை எங்கும் பதிவு இல்லை. 'புத்தகத்தில் இல்லை, போய் சத்து மாத்திரை சாப்பிடு' என்று கொரிய மருத்துவர்கள் அனுப்பிவிடவில்லை. ஒவ்வொருவரையும் பரிசோதித்து எழுதினார்கள். 1996இல் அந்த அறிக்கை வெளிவந்தது. புத்தகத்தில் ஏறியதே அதற்குப் பிறகுதான்.

'அதெல்லாம் வெளிநாடு சார்' என்பீர்கள். சரி, நம்ம ஊருக்கே வருகிறேன்.

மரத்துப்போன கையைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்னது வேலூர். பால் பிராண்ட் 1946இல் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அவரும் அவரோடு இருந்தவர்களும் நோயாளிகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று தேடினார்கள். வலி தெரியாததால் வந்த காயங்கள் என்று கண்டார்கள். மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை, உணர்ச்சியற்ற பாதத்துக்கென்று தனிச் செருப்பு, எல்லாம் அந்தத் தேடலில் வந்தவை.

அதே வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான் 1980களில் ஒரு காரியம் செய்தார். அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் அரசு டாக்டர், தனியார் டாக்டர் எல்லோரிடமும் அஞ்சலட்டை கொடுத்தார்கள். காலரா, போலியோ, தட்டம்மை மாதிரி நோயைப் பார்த்தால் அட்டையில் எழுதிப் பெட்டியில் போட வேண்டியதுதான். 'நாடி' என்று அதற்குப் பெயர். மாவட்டத்தின் நாடியைக் கார்டில் பிடித்துப் பார்த்தார்கள். 1998இல் லான்செட் இதழில் வளரும் நாடுகளுக்கு இது ஒரு முன்மாதிரி என்று அந்தக் கட்டுரை வந்தது.

கணினியும் செல்போனும் இல்லாத காலத்தில் கார்டை வைத்துக்கொண்டு இதைச் செய்த மண்ணில், இன்று ஒரு சீட்டில் 'ஷூ கம்பெனி, ஒட்டும் பிரிவு, 14 வருடம்' என்று ஒரு வரி எழுத முடியவில்லை என்றால் யார் நம்புவது?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 89ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். மூன்றாம் அட்டவணையில் உள்ள நோய் ஒரு தொழிலாளிக்கு இருப்பதாக டாக்டர் கருதினாலே போதும், தாமதமில்லாமல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது அது. நிரூபித்துவிட்டு எழுது என்று சட்டம் சொல்லவில்லை. குரோம் புண், ஆந்த்ராக்ஸ், பென்சீன் நச்சு, ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சி, எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. நம்ம ஊருக்கென்றே எழுதின மாதிரி இருக்கிறது. எழுதாத டாக்டருக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் இருந்தது. 2020இல் வந்த புதிய தொகுப்பிலும் நோய்ப்பட்டியல் இருக்கிறது. ஆனால் தொழிலையே கேட்காதவருக்கு எந்த நோயைப் பற்றி என்ன கருத்து வரும்?

ஈ.எஸ்.ஐ. விஷயம் இன்னும் வேடிக்கை. அந்தக் காப்பீட்டு எண்ணே கம்பெனி வழியாக வருவது. யார் எங்கே வேலை செய்கிறார் என்பது அவர்கள் கணக்கிலேயே இருக்கிறது. சம்பளத்தில் பிடிக்க மட்டும் அது பயன்படுகிறது.

இனி, நான் அடிக்கடி கேட்கும் மூன்று பதில்களுக்கு வருகிறேன்.

முதல் பதில்: 'ஒரு நோயாளியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது சார்.' சரி. நிரூபிக்கச் சொல்லவில்லை, எழுதச் சொல்கிறேன். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் சோதனைக்கு வந்தது இதே வேலூருக்குத்தான். 6 மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. ஆறுதானே என்று தூக்கிப் போட்டிருந்தால் நாடு என்ன ஆகியிருக்கும்? ஒருவர் எழுதினால் அது ஒரு சம்பவம். பத்து டாக்டர்கள் எழுதினால், எந்தப் பிரிவில், எந்த வயதில், எத்தனை வருடத்தில் என்று கேட்க ஒரு வழி பிறக்கும். பதிவே இல்லாமல் செய்துவிட்டு 'ஆதாரம் எங்கே' என்று கேட்பது நியாயமா?

இரண்டாவது: 'இப்படி எழுதினால் கம்பெனியை மூடிவிடுவான், சோறு போய்விடும்.' இந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். என் மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவது இந்தத் தொழிலால்தான். ஆனால் 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோதும் இதையேதான் சொன்னார்கள். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ பகுதியாகவோ பாழாகிவிட்டது என்ற கணக்கு அந்த வழக்கில் வந்தது. மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்றது நீதிமன்றம். தொழில் அழிந்துவிட்டதா? காலையில் ஐந்தரை மணிக்கு பேரணாம்பட்டு ரோட்டில் நின்று கம்பெனி பஸ்களை எண்ணிப் பாருங்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசுக்கு மறுபடி இழப்பீட்டைப் பற்றிப் பேசியிருக்கிறது. நிலத்தை அளந்தார்கள், கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தார்கள். அதனால் நிலத்துக்காரர் கோர்ட்டுக்குப் போக முடிந்தது. இவள் எதை எடுத்துக்கொண்டு போவாள்? 11 சத்துக்குறைவுச் சீட்டையா?

மூன்றாவது: 'ஒரு நாளைக்கு 150 பேர் பார்க்கிறோம், நேரம் இல்லை.' டாக்டர்களின் சுமை எனக்குத் தெரியும். ஒரு வகுப்பில் 70 பிள்ளைகளை வைத்துக்கொண்டு நானும் பாடம் நடத்தியவன்தான். அதற்காக வருகைப் பதிவேட்டை எடுக்காமல் விட்டதில்லை. நீங்களே எழுத வேண்டாம். சீட்டு போடுகிற இடத்தில் பெயர், வயது கேட்கும்போதே தொழில், பிரிவு, எத்தனை வருடம் என்று கேட்டு எழுதிவிடலாம். பத்து விநாடி வேலை.

ஆய்வே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. அவ்வப்போது யாரோ வருகிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள். அது ஒரு நாள் கூத்து. தினமும் வருகிற நோயாளியின் சீட்டில் தொழில் இருந்தால்தான் கண் திறந்திருக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மூன்று மாவட்டத்திலும் புறநோயாளிச் சீட்டில் தொழிலுக்கு ஒரு வரி. சந்தேகம் வந்தால் சட்டப்படி ஒரு கடிதம். பழைய நாடி மாதிரி மாதம் ஒருமுறை, பெயர் இல்லாமல், எந்தப் பிரிவில் என்ன நோய் என்று ஒரு பட்டியல். நோயாளி சம்மதித்தால், இளம் டாக்டர்கள் அதை மருத்துவ இதழுக்கு ஒரு நோயாளி அறிக்கையாக எழுதுங்கள். அப்படி எழுதிய அக்சாயின் பெயர் ஐம்பது வருடம் கழித்து ஆம்பூரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வாயில் வருகிறது பாருங்கள்.

கம்பெனியில் வேலை செய்கிற என் பிள்ளைகளுக்கு: சீட்டைத் தொலைக்காதீர்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் "நான் இன்ன பிரிவுல இருக்கேன், இத்தன வருஷம்" என்று நீங்களே சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள். சொலூஷன் டின்னில் லேபிள் இருந்தால் அதில் உள்ள பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள். வேதியியல் இன்னும் முழுசாக மறந்துவிடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வெள்ளைத் தாளில் மூன்று பத்தி போட்டுக் கொடுத்தேன். என்ன வேலை, எத்தனை வருடம், எந்த விரலில் முதலில் மரத்தது, லீவு விட்ட வாரத்தில் குறைந்ததா என்று அவளே சொல்லச் சொல்ல காண்பன பத்தியில் எழுதினேன். கடைசிப் பத்தியைக் காலியாக விட்டேன். "இது ஏன் சார் காலியா இருக்கு?" என்றாள்.

"அத டாக்டர்தாம்மா எழுதணும். இந்தத் தடவ இதப் படிச்சிட்டு எழுதச் சொல்லு" என்றேன்.

வரும் புதன்கிழமை வேலூருக்குப் போகிறோம். நானும் கூடப் போகிறேன். என்ன எழுதினார்கள் என்று இங்கே சொல்கிறேன்.